12 மீட்டருக்கு 9 மீட்டர் காலி நிலம்: வீட்டுத் தோட்டத்தை எங்கிருந்து திட்டமிடத் தொடங்குவது?

இளந்தளிர்

அனைவருக்கும் வணக்கம். புதிதாகக் கட்டி முடித்த எங்கள் வீட்டின் பின்புறம், வீட்டுச் சுவரோடு 12 மீட்டர் நீளமும் அங்கிருந்து மதில் வரை 9 மீட்டர் அகலமும் உள்ள நிலம் காலியாகக் கிடக்கிறது. கொத்தனார்கள் விட்டுப்போன செங்கல் துண்டுகளும் காய்ந்த சாந்தும் தவிர அதில் இப்போது எதுவும் இல்லை. வீட்டில் நானும் மனைவியும், ஐந்து வயது மகளும், கைத்தடி ஊன்றி நடக்கும் என் தந்தையும் இருக்கிறோம்.

நான் வரைந்திருக்கும் படத்தின்படி, பறிப்பதற்கு வசதி என்பதால் காய்கறிப் பாத்திகள் சமையலறைச் சுவரை ஒட்டி வருகின்றன. நடுவில் 40 சதுர மீட்டர் புல்தரை, தொலைவில் மதிலோரம் உட்காரக் கல்தளம், தெற்கு மூலையில் நிழலுக்கும் பழத்துக்குமாக 8 மீட்டர் வரை விரியக்கூடிய ஒரு மரம், எஞ்சிய இடத்தில் பூச்செடிகளும் ஒரு சிறு குளமும் இருக்கும். நாற்றுகளையும் செடிகளையும் எந்த வரிசையில் வாங்கி நட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வரப்போரம்

வணக்கம். உங்கள் படத்தில் ஏழெட்டுப் பொருள்கள் இருக்கின்றன. ஆனால் நிலம் இல்லை. வீடு எந்தத் திசையில் இருக்கிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மண் எப்படிப்பட்டது, குழாய் எங்கே வருகிறது என்ற நான்கும் தெரியாமல் செடிகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தோட்டத் திட்டத்தில் செடிப் பட்டியல் கடைசியாக வர வேண்டியது. நாற்றுப் பண்ணைக்கு முதலில் போனவர்கள், வாங்கிவந்த செடிக்கு இடம் தேடி அலைவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலையாக நிலத்தை அளந்து 1:50 என்ற அளவில் வரையுங்கள். 12 மீட்டர் 24 சென்டிமீட்டராகவும் 9 மீட்டர் 18 சென்டிமீட்டராகவும் வரும் என்பதால் சாதாரண அச்சுத்தாளிலேயே முழு நிலமும் அடங்கிவிடும். மதில்கள் நேர்மூலையில் சேர்வதாக நம்பிவிடாதீர்கள். வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு புள்ளிக்கும் நாடாவால் அளந்து, அந்த இரண்டு அளவுகளையும் கவராயத்தில் எடுத்துத் தாளில் வில் போட்டால், வில்கள் வெட்டும் இடமே அந்தப் புள்ளியின் சரியான இடம். கழிவுநீர்த் தொட்டி, ஆய்வுத் தொட்டிகள், தரைக்கடியில் போகும் குழாய், மின்கம்பி, சன்னல்கள், கதவுகள் ஆகிய எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். சமையலறைச் சன்னலிலிருந்து எது தெரியும், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து உங்கள் நிலத்தின் எந்தப் பகுதி தெரியும் என்பதையும் அம்புக்குறியால் காட்டுங்கள்.

இளந்தளிர்

விரிவான பதிலுக்கு நன்றி. நாங்கள் வட அரைக்கோளத்தில் வாழ்கிறோம். நிலத்துக்கு மேற்கே வீடு; அதன் உயரம் கைப்பிடிச் சுவரையும் சேர்த்து 6.5 மீட்டர். மற்ற மூன்று பக்கமும் 1.5 மீட்டர் மதில். கிழக்கே திறந்தவெளி. சரிவு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பார்த்தால் சமமாகத்தான் இருக்கிறது. அளந்து வரையத் தொடங்கியிருக்கிறேன்.

நிழற்கோடு

வீடு மேற்கே இருக்கிறது என்ற ஒரு செய்தியே உங்கள் படத்தைப் பாதிக்குமேல் மாற்றிவிடுகிறது. பிற்பகலில் சூரியன் வீட்டுக்குப் பின்னால் இறங்க இறங்க, வீட்டின் நிழல் கிழக்கு நோக்கி நிலத்தின்மேல் ஊர்ந்து வரும். சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் இருக்கும்போது பொருளின் உயரமும் நிழலின் நீளமும் சமம். ஆகவே சூரியன் நேர் மேற்கில் இருக்கும் நாளில் 6.5 மீட்டர் வரை நிழல் விழும். சூரியன் ஏறத்தாழ 36 பாகைக்கு இறங்கியதும் நிழல் 9 மீட்டரைத் தொட்டு, தோட்டம் முழுவதும் மூடப்பட்டுவிடும்.

பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில், இரவும் பகலும் சமமாக வரும் நாள்களில், சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை இறங்குகிறது. அந்தக் கணக்கில் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் பாத்தி உச்சிவெயில் சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் நிழலுக்குப் போய்விடும். மதிலோரப் பாத்தியோ பிற்பகல் மூன்றரை மணி வரை வெயிலில் இருக்கும். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை போன்று காய்ப்பவற்றுக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரை வகைகள் 3, 4 மணி நேரத்திலேயே தேறிவிடும், கடும் வெயில் உள்ள இடங்களில் பிற்பகல் நிழல் அவற்றுக்கு நன்மையும் கூட. ஆகவே நீங்கள் காய்கறிக்கு ஒதுக்கிய இடமும் உட்கார ஒதுக்கிய இடமும் இடம் மாற வேண்டும். மாலையில் நிழல் விழும் இடம் வீட்டை ஒட்டித்தானே இருக்கிறது? மதிலோரம் கல்தளம் போட்டால் உட்கார நினைக்கும் வேளையில் அது சுட்டுக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப் போகக் குளிர்காலச் சூரியன் உச்சியிலும் தாழ்வாகவே நிற்கும். வட அரைக்கோளத்தில் அப்போது தெற்கு மதிலின் நிழல்கூட வடக்கு நோக்கி நீளும். கணக்கு வழிகாட்டும் என்றாலும், காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் நிழலின் விளிம்பில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் பார்ப்பதுதான் உறுதியானது.

பொறுமைசாலி

நிழற்கோடு சொன்னதோடு நிறுத்தாமல், ஓர் ஆண்டு முழுவதும் எதுவும் செய்யாமல் நிலத்தைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் எங்கே நீர் தேங்குகிறது, வறண்ட பருவத்தில் எந்த இடம் முதலில் வெடிக்கிறது, காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையெல்லாம் நான்கு பருவங்களையும் பார்க்காமல் அறிய முடியாது.

வரப்போரம்

கவனிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதுவும் செய்யாமல் கவனிக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. ஓராண்டு வெற்று மண்ணாக விட்டால் மழை மேல்மண்ணை அரிக்கும், வெயில் அதைப் பாளமாக்கும், களை விதைகள் பல பருவங்களுக்குப் போதுமான அளவு விழும். மாற்றுவதற்கு எளிதானவற்றை இப்போதே செய்துகொண்டு, மாற்ற முடியாதவற்றைத் தள்ளிப்போடுவதே சரி. சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப் பயிர் ஒன்றை விதைத்து, பூக்கும் தறுவாயில் வெட்டி மண்ணோடு சேர்த்தால், கவனிக்கும் காலமும் வீணாகாது, கட்டட வேலையில் இறுகிப்போன மண்ணும் இளகும். ஒரு பருவப் பயிர்களை எங்கு வேண்டுமானாலும் நட்டுப் பார்க்கலாம். மரம், கல்தளம், குளம், நிலத்தடிக் குழாய் ஆகிய நான்கும் காத்திருக்கட்டும்.

பொறுமைசாலி

பசுந்தாள் உரத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு மழைக்காலமாவது பார்க்காமல் தளம் போடாதீர்கள் என்பதில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

ஈரமண்

மழைக்காலத்துக்குக் காத்திருக்காமலேயே நீரைப் பற்றிப் பெரும்பகுதி தெரிந்துகொள்ளலாம். கண்ணுக்குச் சமமாகத் தெரிவதை நம்ப வேண்டாம் என்று இளந்தளிரைக் கேட்டுக்கொள்கிறேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் டியூபில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, வீட்டுச் சுவரோரம் ஒருவரும் மதிலோரம் ஒருவருமாகப் பிடித்தால் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை இருபுறமும் அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மூலைகளிலும் நடுவிலுமாக ஆறேழு புள்ளிகளில் இதைச் செய்து படத்தில் குறியுங்கள்.

அதோடு, 30 சென்டிமீட்டர் ஆழமும் அகலமும் உள்ள குழிகளை இரண்டு மூன்று இடங்களில் தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்பி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். மணிக்கு 2.5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற வடிகால். அதைவிடக் குறைந்தால் வேர் அழுகக்கூடிய செடிகளை அங்கே வைக்கக் கூடாது. மிகவும் கூடினால் நீர் நிற்காத மணற்பாங்கு. ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீருமாக நிரப்பிக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்திலும் வண்டல் சில மணி நேரத்திலும் களி ஒரு நாள் கழித்தும் படியும். அந்த அடுக்குகளின் தடிமனே உங்கள் மண்ணின் இயல்பைச் சொல்லிவிடும்.

இளந்தளிர்

அளந்தேன். நிலம் சமமாக இல்லை. மதிலிலிருந்து வீட்டை நோக்கி 18 சென்டிமீட்டர் இறங்குகிறது, தெற்கிலிருந்து வடக்கே 10 சென்டிமீட்டர் இறங்குகிறது. குழியில் நீர் வீட்டருகே மணிக்கு ஒரு சென்டிமீட்டரும் மதிலோரம் நான்கு சென்டிமீட்டரும் குறைந்தது. ஜாடியில் பாதிக்குமேல் களி. வீட்டருகே தோண்டும்போது ஒரு சாண் ஆழம் வரை சாந்துக் கட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

ஈரமண்

அப்படியானால் செடிகளுக்கு முன்பாக உங்கள் வீட்டைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 9 மீட்டருக்கு 18 சென்டிமீட்டர் என்பது மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு. அத்தனை நீரும் அடித்தளத்தை நோக்கி ஓடி, வடிகால் மிக மோசமான இடத்தில் போய் நிற்கும். வீட்டைச் சுற்றிய முதல் 3 மீட்டரில் தரை வீட்டிலிருந்து விலகி மொத்தம் 15 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கல்தளம் பாவிய பகுதிக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவே போதும். தளத்தின்மேல் நீர் ஊறி நிற்பதில்லை, வழிந்துவிடும்.

இதைச் செய்ய வெளியிலிருந்து மண் கொண்டுவர வேண்டியதில்லை. சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, தெற்கிலிருந்து வடக்காக, அகன்ற ஆழமில்லாத வாய்க்கால் ஒன்றை வெட்டுங்கள். வெட்டி எடுத்த மண்ணை வீட்டுப் பக்கம் போட்டுத் திமிசால் இறுக்கினால், இருபுறச் சரிவும் அந்த வாய்க்காலில் வந்து சேரும். ஒன்றில் கவனமாக இருங்கள்: சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்குக் கீழே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், மண்ணை அதற்குமேல் ஏற்றினால் சுவர் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கும். வாய்க்கால் 12 மீட்டர் நீளத்துக்கு 12 சென்டிமீட்டர் இறங்கினால் போதும். நிலமே அந்தப் பக்கம் 10 சென்டிமீட்டர் சரிந்திருப்பது உங்களுக்கு வசதி.

வாய்க்காலின் வடமுனையில், வீட்டிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத தொலைவில், 6 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் ஆழப் பள்ளம் ஒன்றை அமைத்து, நனைந்தும் காய்ந்தும் தாங்கக்கூடிய செடிகளை அதில் நடலாம். அதில் ஒரே நேரத்தில் 900 லிட்டர் நிற்கும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற மெதுவான வேகத்திலும் 15 மணி நேரத்தில் வடிந்துவிடும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வெப்பமான பருவத்திலும் ஒரு வாரம் அளவுக்குப் பிடிக்கும் என்பதால், ஒன்றிரண்டு நாளில் வடியும் பள்ளத்தால் தொல்லை இல்லை.

நீர்க்கணக்கு

ஈரமண் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். கூரையில் பின்பக்கம் வடியும் பகுதி 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே மழையில் 1000 லிட்டர் இறங்கும். முதல் நீரைக் கழித்துவிடுவதும் தெறிப்பும் போக 850 லிட்டராவது தேறும். 1000 லிட்டர்த் தொட்டி ஒன்றை வைத்து, அது நிறைந்தபின் வழியும் நீரை அந்த வடக்குப் பள்ளத்துக்கே விடுங்கள். வழிவு எங்கே போகும் என்று தீர்மானிக்காமல் வைத்த தொட்டி, பெருமழையன்று அடித்தளத்தின் மேலேயே கொட்டும்.

செலவுப் பக்கத்தைப் பாருங்கள். வெயில் காயும் நாளில் காய்கறிப் பாத்தி சதுர மீட்டருக்கு 4 முதல் 6 லிட்டர் வரை கேட்கும். 15 சதுர மீட்டர்ப் பாத்திக்கு நாளுக்கு 60 முதல் 90 லிட்டர். நிறைந்த தொட்டி பதினொரு நாள் முதல் பதினாறு நாள் வரை தாங்கும். 40 சதுர மீட்டர்ப் புல்தரையையும் சேர்த்துக்கொண்டால் அதே தொட்டி நான்கைந்து நாளில் தீர்ந்துவிடும். மண்ணின்மேல் 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை காய்ந்த இலை அல்லது வைக்கோல் மூடாக்கு போட்டால் ஆவியாவது பெருமளவு குறையும். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பட்டை அழுகும்.

கிளைவிரி

மரத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. 8 மீட்டர் விரியும் மரம் ஏறத்தாழ 50 சதுர மீட்டரை மூடும். உங்கள் மொத்த நிலமே 108 சதுர மீட்டர்தான். வட அரைக்கோளத்தில் அதைத் தெற்கு மூலையில் வைத்தால், வெயில் சாய்ந்து வரும் பருவங்களில் மீதிப் பாதியும் நிழலாகிவிடும். படத்தில் மரத்தை வரையும்போது நாற்றின் அளவில் வரையாமல், முழு வளர்ச்சியின் வட்டத்தை வரைய வேண்டும். பெரும்பாலான வீட்டுத் தோட்டப் படங்களில் மரம் ஒரு புள்ளியாக இருக்கும்; பத்தாண்டில் அந்தப் புள்ளி கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

என் பரிந்துரை, மரத்தைக் குட்டையாக வளரச் செய்யும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி, கவாத்தால் 4 மீட்டர் விரிவுக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பழமரம். அதற்கு 12.5 சதுர மீட்டர் போதும். அதை வடகிழக்கு மூலையில், இரு மதில்களிலிருந்தும் இரண்டரை மீட்டர் தள்ளி நட்டால் நிழலின் பெரும்பகுதி வடக்கு மதிலின் பக்கம் விழும்.

வேர்ப்பிடி

கிளைவிரி சொல்லாத ஒன்று வேர். மரத்தின் வேர்கள் ஆழத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேர்கள் மேல் 60 சென்டிமீட்டரில்தான், கிளை விரிவைத் தாண்டியும் பரவுகின்றன. களி மிகுந்த மண்ணில் மரம் நீரை உறிஞ்சும்போது மண் சுருங்குவதும் மழையில் உப்புவதும் அடித்தளத்தை அசைக்கக்கூடும். ஆகவே இந்த மண்ணில் பெரிய மரத்தை வீட்டிலிருந்து தொலைவில் வைக்கும்படி சொல்வது வெறும் அச்சமல்ல. கழிவுநீர்க் குழாயைப் பொறுத்தவரை, நல்ல குழாயை வேர் பெரும்பாலும் உடைப்பதில்லை. கசியும் இணைப்பைத் தேடித்தான் நுழைகிறது. மரத்தைக் குறை சொல்லும் முன் இணைப்புகளைச் சோதித்துவிடுங்கள்.

கோட்டுச்சித்திரம்

இதுவரை எல்லோரும் சொன்னவை நிலத்தைப் பற்றியவை. நான் அதில் வாழப்போகிற நால்வரைப் பற்றிக் கேட்கிறேன். தோட்டத்தில் நடக்கும் நேரத்தைவிடச் சன்னலிலிருந்து பார்க்கும் நேரம்தான் பெரும்பாலோருக்கு அதிகம். சமையலறைச் சன்னலுக்கு நேராகக் கண் போய் நிற்கும் இடம் எது என்று முதலில் தீர்மானியுங்கள். அது அந்த வடகிழக்குப் பழமரமாகவே இருக்கலாம். அங்கே போகும் பாதை நேராக இல்லாமல், ஒரு செடிக்கூட்டத்தின் பின்னால் சற்று மறைந்து வெளிப்பட்டால் சிறிய நிலமும் ஆழமாகத் தெரியும். காரணமின்றி வளைந்த பாதையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், குறுக்கேதான் நடப்பார்கள்; வளைவின் உள்பக்கம் சுற்றிப்போக வேண்டிய ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும்.

உட்காரும் தளத்துக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்பதற்குக் குறைந்து போகாதீர்கள். ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும் போட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ அவ்வளவு இடம் தேவைப்படும். உங்கள் தந்தை நடக்கும் முதன்மைப் பாதை 1.2 மீட்டர் அகலமாக, கெட்டியாக, வழுக்காததாக, 20 மீட்டருக்கு ஒரு மீட்டரைவிடச் செங்குத்தாக ஏறாததாக இருக்கட்டும். படிகள் தவிர்க்க முடியாதவை என்றால் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேலும் மிதிப்பலகை 35 சென்டிமீட்டருக்குக் குறைவாகவும் வேண்டாம். பாத்திகளுக்கு நடுவே 50 சென்டிமீட்டர் பாதை போதும்; பாத்தியின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது, மிதித்துத்தான் களையெடுக்க வேண்டிவரும், மிதித்த களிமண் மறுபடியும் இறுகும்.

செடித் தேர்வைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் சொல்கிறேன். இருபது வகையில் ஒவ்வொன்று வாங்குவதைவிட ஆறு வகையில் ஏழெட்டு வாங்கி, அவற்றைத் திட்டுத் திட்டாக நட்டு, ஒரே வகையைத் தோட்டத்தின் வேறு வேறு இடங்களில் திரும்ப வரச் செய்வது கண்ணுக்கு அமைதியைத் தரும். ஓவியம் பயின்று பின்னர்த் தோட்டக்கலைக்கு வந்த கெர்ட்ரூட் ஜெக்கில் (1843–1932) பூச்செடிகளை நீண்ட, ஒன்றையொன்று தழுவிச் செல்லும் பட்டைகளாக நட்டதன் பின்னால் இருந்ததும் இந்தக் கண்தான். அவருக்கு இருந்த இடமும் வேலையாட்களும் நமக்கு இல்லை என்பது வேறு விஷயம்.

புல்விரோதி

என் பெயரிலிருந்தே கருத்து தெரிந்திருக்கும். 40 சதுர மீட்டர்ப் புல்லுக்கு நீரும் வெட்டும் உழைப்பும் கொடுப்பதற்குப் பதிலாக அங்கே தரைபடரும் செடிகளும் புதர்களும் வைக்கலாம். பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் அது உதவும்.

நிழற்கோடு

ஐந்து வயதுக் குழந்தை புதரின்மேல் ஓட முடியாது. புல்தரை என்பது பார்ப்பதற்கான கம்பளமாக இருந்தால் புல்விரோதியோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். உருண்டு விழுந்து விளையாடும் இடமாக இருந்தால் அதற்கு ஈடான வேறு தரை இல்லை. அளவைக் குறைக்கலாம். 20 சதுர மீட்டரில், கூர்மூலைகள் இல்லாத, இயந்திரம் தடையின்றித் திரும்பக்கூடிய ஒரே வடிவமாக வையுங்கள். விளிம்பில் தரை மட்டத்தில் செங்கல் பதித்துவிட்டால் ஓரம் வெட்டும் வேலையும் மிச்சம். பத்தாண்டு கழித்து மகள் வளர்ந்ததும் அந்த இடம் பூம்பாத்தியாகட்டும்.

புல்விரோதி

20 என்றால் சகித்துக்கொள்ளலாம். 12 என்றால் ஆதரிப்பேன்.

இளந்தளிர்

எல்லோருடைய கருத்துகளையும் வைத்து மறுபடி வரைந்தேன். வீட்டை ஒட்டிய 3 மீட்டரில், வீட்டிலிருந்து விலகிச் சரியும் கல்தளமும் தொட்டியும் வருகின்றன. அதை அடுத்து வாய்க்காலும், அதன் வடமுனையில் நீர்ப்பள்ளமும். வாய்க்காலுக்கு அப்பால் தெற்கில் 18 சதுர மீட்டர்ப் புல்தரை; கிழக்கே 1.2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள நான்கு பாத்திகள். வடகிழக்கில் ஒட்டுப் பழமரம். கொடிக்காய்களுக்கான பந்தலைப் பாத்திகளுக்கு வடக்கே வைத்திருக்கிறேன், மற்றவற்றை மறைக்காது என்பதற்காக. கீரைக்கு மட்டும் தளத்தை அடுத்து, சமையலறைக் கதவுக்கு அருகே ஒரு சிறு பாத்தி.

மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. கிழக்குத் திறந்தவெளியிலிருந்து காற்று பலமாக வருகிறது. மதிலின்மேல் தகரம் அடிக்கலாமா? தந்தை குனிய முடியாமல் பாத்தியில் வேலை செய்ய வழி உண்டா? குளத்தை வைத்திருக்கவா, விட்டுவிடவா?

வரப்போரம்

காற்றுக்குத் தகரம் வேண்டாம். முழுதாக அடைத்த தடுப்பைத் தாண்டி வரும் காற்று மறுபுறம் சுழன்று கீழே பாய்ந்து செடிகளைச் சாய்க்கும். ஏறக்குறைய பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக உள்ள மூங்கில் தட்டியோ வேலிச்செடியோ காற்றின் வேகத்தைத் தணித்து, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தொலைவு வரை பயன் தரும். உயரத்தை மட்டும் அடக்கமாக வையுங்கள், காலை வெயில் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது.

தந்தைக்கு நான்கு பாத்திகளில் ஒன்றை 70 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுவரெழுப்பி மண் நிரப்புங்கள். ஒரு பக்கமிருந்து மட்டும் அணுகுவதானால் அகலம் 60 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சுவரின் மேல்விளிம்பு அகலமாக இருந்தால் அதன்மேல் அவர் சாய்ந்து கொள்ளலாம். உயர்ந்த பாத்தி வேகமாகக் காயும், அதற்குச் சொட்டுநீர் இணைப்பு கட்டாயம்.

குளத்தைப் பொறுத்தவரை, மகள் இன்னும் சில ஆண்டு வளரும் வரை தள்ளிப்போடுவதே என் தீர்மானமான கருத்து. சிறு குழந்தை மூழ்க ஆழமான நீர் தேவையில்லை. தொட்டியின் மூடியும் குழந்தையால் திறக்க முடியாததாக இருக்கட்டும். அரளி போன்ற நச்சுச் செடிகளையும் இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பொழுதுபார்ப்பவர்

படம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் இதைப் பராமரிக்கப்போவது யார் என்ற கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும். காய்கறிப் பாத்தி நாள்தோறும் கவனம் கேட்கும், பழமரம் ஆண்டுக்குச் சில முறை, புதர்கள் அதற்கிடையில். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று இருவரும் உட்கார்ந்து நேர்மையாகப் பேசி, அந்தக் கணக்குக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் பாத்திகளைத் திறவுங்கள். முதல் பருவத்தில் இரண்டு பாத்திகள் போதும். மற்ற இரண்டில் பசுந்தாள் உரம் நிற்கட்டும். அடிக்கடி கவனிக்க வேண்டியதைக் கதவருகிலும் அரிதாகக் கவனிக்க வேண்டியதைத் தொலைவிலும் வைக்கும் முறையை, 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் மண்டலங்களாகப் பிரித்து வகுத்தார்கள். உங்கள் வெயில் தொலைவில் இருப்பதால் அதை முழுதாகப் பின்பற்ற முடியாது. அதை ஈடுகட்டத் தண்ணீர்க் குழாயும் கருவிகள் வைக்கும் பெட்டியும் பாத்திகளின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இளந்தளிர்

இருவரும் பேசினோம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்பதுதான் உண்மையான கணக்கு. ஆகவே இரண்டு பாத்திகளோடு தொடங்குகிறோம். உயர்த்திக் கட்டும் பாத்தி அதில் ஒன்று. சாந்துக் கட்டிகளை அள்ளி முடித்ததும் வாய்க்கால் வெட்டத் தொடங்குவோம். கல்தளம் ஒரு மழைக்காலம் முடிந்தபின்.

பொறுமைசாலி

கடைசி வரிக்காக நன்றி.

ஈரமண்

சாந்துக் கட்டிகளை அள்ளுவது அவசியம். அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இலைகளை இரும்புச்சத்துக் குறைவால் வெளுக்கச் செய்யும். மண் நனைந்து ஒட்டும் நிலையில் கொத்த வேண்டாம். ஒரு பிடி எடுத்து உருட்டிச் சுண்டினால் உதிர வேண்டும், அந்தப் பதத்தில் 5 சென்டிமீட்டர் மட்கைப் பரப்பிக் கொத்திவிடுங்கள். களிமண்ணில் மணலைக் கலந்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிறிதளவு மணல் களியோடு சேர்ந்தால் இன்னும் இறுகத்தான் செய்யும். மட்குதான் களியைத் திறக்கும்.

நீர்க்கணக்கு

வேலை தொடங்கும் முன் இன்னும் ஒன்று. கல்தளமும் பாதையும் போடுவதற்கு முன்பே, அவற்றின் கீழே குறுக்காக 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றுக் குழாய்களை இரண்டு மூன்று இடங்களில் புதைத்து, இரு முனைகளையும் மூடி விடுங்கள். பின்னால் சொட்டுநீர்க் குழாயோ விளக்குக்கான கம்பியோ கொண்டுபோக வேண்டிவந்தால் தளத்தை உடைக்காமல் அதன் வழியே இழுத்துக்கொள்ளலாம். நீருக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனிக் குழாயாக இருக்கட்டும். மண் போட்டு மூடும் முன் ஒவ்வொன்றும் வீட்டின் எந்த இரு மூலைகளிலிருந்து எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, அந்த 1:50 படத்திலேயே குறித்துவிடுங்கள்.